அம்பலவாணர் ஏரியில் சறுக்கிய கதை

ஸ்காபரோவில் முதல் பனி கொட்டியதும் ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் ஒரே நாளில் டயர் ஞாபகம் வந்துவிடும். அன்றைக்கு ஜெரோமின் டயர் கடையில் தேர்த்திருவிழாக் கூட்டம். வத்சலாவும் கணவன் குகனும் மினிவானை வெளியே வரிசையில் விட்டுவிட்டு, உள்ளே பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தபடி அடங்கிய குரலில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். அந்த வானுக்கு ஸ்பெயார் டயர் கிடையாது. ஸ்பெயார் இருக்கவேண்டிய பள்ளத்தில் ஒரு குட்டிப் பம்பும் ஓட்டை அடைக்கிற ஒரு போத்தல் பசையும்தான் இருந்தன. அதைப் பார்த்த நாளிலிருந்து குகனுக்கு நித்திரை இல்லை. இருக்கிற டயரே இந்தக் குளிருக்கும் போதும், ஒரு ஸ்பெயார் வாங்கிப் போடுவோம் என்று ஒற்றைக் காலில் நின்றான். வத்சலாவுக்கோ நாலு சில்லுக்கும் பனியில் வழுக்காத விண்டர் டயர் வேண்டும். இரண்டையும் ஒன்றாக வாங்க இந்த மாதம் கட்டாது.

"ஸ்பெயார் வான் நிண்டாப் பிறகுதானப்பா உதவும். நான் பனியில வான் நிக்கிறதைப் பற்றியே கதைக்கிறன்" என்றாள் அவள்.

அவள் சும்மா சொல்லவில்லை. போன மாரியில் பெருந்தெருவில் வான் சறுக்கி, ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, வந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. பின்னாலிருந்த பிள்ளைகள் மூன்றும் "அப்பா, இன்னொருக்கா!" என்று கைதட்டினார்கள். வத்சலா அன்றிலிருந்து வானில் ஏறினால் இறங்கும்வரை கைபிடியை விடுவதில்லை. நாளைக்கு அதே வானில் வடக்கே சட்பரிக்குப் போகவேண்டும். தங்கச்சியின் கைப்பிள்ளைக்கு முப்பத்தொண்டு, பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு. பெரியம்மா போகாமல் முடியாது.

"விண்டர் டயரோ?" என்று பக்கத்துக் கதிரையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அதெல்லாம் பயந்த சனத்துக்கு."

அம்பலவாணர். முன்னொரு காலத்தில் வடக்குப் பக்கம் சாமான் ஏற்றிப் போனவர். இப்போது ஜெரோம் கடையில் தேத்தண்ணி இலவசம் என்பதால் நாள் தவறாமல் வந்து குந்துகிறவர். வத்சலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குகன் கதிரையை அவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நீங்கள் விண்டர் டயர் போடுறேல்லையோ அண்ணை?"

"நானோ? தம்பி, தண்டர்பே போற வழியில, மைனஸ் அம்பதில, என்ர வானுக்கு முன் டயர் வெடிச்சது. உம்மட மாதிரித்தான், ஸ்பெயார் இல்லை. நான் என்ன செய்தன்? மனிசி கட்டித் தந்த புட்டை எடுத்து டயருக்குள்ள அடைஞ்சன்."

"புட்டையோ?" என்றான் குகன்.

"அரிசிமாப் புட்டு. கோதுமைமா எண்டால் நிக்காது. அந்தக் குளிருக்குப் புட்டு கருங்கல்லா இறுகிப்போச்சு. காத்தடிச்ச டயர் கூட அப்பிடி ஓடாது. தண்டர்பேயில இறங்கி, அதைத் திரும்ப ஆவியில வைச்சு, மீன்குழம்போட சாப்பிட்டனான்."

கல்லாவில் நின்ற ஜெரோம் தலையை நிமிர்த்தவில்லை. "போன கிழமை அது இடியப்பம் அண்ணை."

"அது பின் டயருக்கு!" என்று அம்பலவாணர் அதட்டினார். "இடையில புகுந்து குழப்பாதையும். பிறகென்ன நடந்தது? மற்றப் பக்கத்துச் சில்லு கழண்டு, என்னை ஒருக்காத் திரும்பிப் பார்த்திட்டு, தெற்குப் பக்கமா உருண்டு போட்டுது. குளிர் தாங்கேலாமல் போச்சு அதுக்கு. புளோரிடாக் கடற்கரையில கிடந்ததாப் பிறகு ஆரோ சொல்லிச்சினம்."

"அப்ப வான் சரிஞ்சிருக்குமே?" வத்சலாவால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"சரியத்தான் பார்த்துது. அந்த நேரம் பார்த்துப் புட்டு வாசத்துக்குக் கரடி ஒண்டு வந்து நிண்டுது. மிஞ்சின புட்டில ஒரு பிடி குடுத்தன். அவ்வளவுதான், சில்லு இருந்த இடத்தில தோளைக் குடுத்துக்கொண்டு ரெண்டு காலில ஓடத் தொடங்கிட்டுது. நல்ல வளர்ப்புக் கரடி பிள்ளை. இடப்பக்கம் திரும்பேக்க தானாக் கையை நீட்டிக் காட்டும்."

"பொலிஸ் மறிக்கேல்லையோ?" என்றான் குகன்.

"மறிச்சவன். கரடியை மேலும் கீழும் பார்த்தான். ‘இவர் ஏன் சீற்பெல்ற் போடேல்லை?’ எண்டு கேட்டுத் தண்டத் துண்டு எழுதித் தந்திட்டுப் போட்டான்."

குகன் தொடையில் தட்டிச் சிரித்தான். கடையில் காத்திருந்த மற்றவர்களும் கிட்ட வந்துவிட்டார்கள். கூட்டத்தைக் கண்டதும் அம்பலவாணருக்குச் சாமி வந்தமாதிரி ஆகிவிட்டது. எழுந்து நின்றார்.

"கேளுங்கோ! கரடிக்கு நித்திரை வந்திட்டுது. மாரி காலமெல்லே. வழியில கொட்டாவி விட்டுப் படுத்திட்டுது. மிஞ்சின சில்லுகளும் புட்டை மட்டும் எனக்கு விட்டிட்டு, முதல் சில்லைத் தேடித் தெற்கால போட்டுது. இப்ப எனக்கு டயரே இல்லை. முன்னால சுப்பீரியர் ஏரி, உறைஞ்சு கண்ணாடி மாதிரிக் கிடக்குது. நான் பயந்தனோ? மனிசியின்ர கூறைச்சேலையை எடுத்துக் கூரையில கப்பல் பாய் மாதிரிக் கட்டினன். காத்து ஒரு அடி அடிச்சுது பாருங்கோ! வான் வயித்தால சறுக்கிக்கொண்டு பறக்குது. ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிட்ட நான், போய்ச் சேரேக்க அதுக்கு முதல்நாள் சனிக்கிழமை!"

காத்திருந்தவர்கள் விரல் மடித்து நாளை எண்ணிப் பார்க்க, அம்பலவாணர் தொடர்ந்தார்.

"‘நாளைக்குத்தானே வெளிக்கிடுறன் எண்டனீங்கள்?’ எண்டு போன வீட்டுக்காரர் கேக்கினம். இப்ப சொல்லும் தம்பி, உமக்கு எதுக்கு விண்டர் டயர்?"

குகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "வத்சி, இதை நான் முழுக்க நம்பேல்லை. ஆனா பாதியாவது உண்மையா இருக்குமெல்லே? பார், மனிசன் உயிரோட நிக்கிறார். எங்கட பழைய டயரே ஓடும்."

ஜெரோம் நிமிர்ந்து பார்த்தான். "என்ன குகன், எதை இறக்கட்டும்? ஸ்பெயாரோ, விண்டரோ?"

வத்சலாவுக்குப் போன மாரியில் வான் சுற்றியது ஞாபகம் வந்தது. நியாயம் சொன்னால் இனி எடுபடாது. குளிரில் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப்போகும், விண்டர் டயர் மென்மையாக இருந்து பிடிக்கும் என்று கரடிக்குப் பிறகு சொன்னால் ஆர் கேட்பார்கள்? அவள் எழுந்துபோய் அம்பலவாணருக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணை, ஏரியில வான் என்னெண்டு நிண்டது? அதைச் சொல்லேல்லையே."

அம்பலவாணர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார். "அது... தானா நிண்டது."

"தானா நிக்கேல்லை அண்ணை. மறந்திட்டியளே! உங்களைப் பிடிச்சு நிப்பாட்டினது நான்."

குகன் வாயைத் திறந்தபடி திரும்பக் கதிரையில் குந்தினான்.

"நான் உங்களுக்குப் பின்னால வந்துகொண்டிருந்தனான்" என்றாள் வத்சலா. "நாலு சில்லுக்கும் விண்டர் டயர். மலையும் பனிப்பூவும் அடையாளம் போட்ட நல்ல டயர். உங்கட வான் அந்தக் கரையைப் பார்த்துப் பறக்குது. அந்தக் கரை எது? அமெரிக்கா! உங்களிட்ட விசா இல்லை. நான் பிறேக்கை அடிச்சன். டயர் பனியைக் கவ்விப் பிடிச்சுது. பிறகு ரிவேர்சில போட்டு ஒரு இழுவை இழுத்தன் அண்ணை! ஓலைப்பாயை இழுக்கிற மாதிரி ஏரிப்பனி முழுக்கச் சுருண்டு வருது. அதுக்கு மேல நீங்கள், உங்கட வான், கூறைச்சேலை, மீன் பிடிச்சுக்கொண்டிருந்த நாலைஞ்சு வெள்ளைக்காரர், எல்லாரும் கரைக்கு வந்து சேர்ந்தியள்."

ஆரோ பின்னால் விசிலடித்தார்கள்.

"நீங்கள் இறங்கி வந்து என்ர கையைப் பிடிச்சு அழுதியள். ‘தங்கச்சி, இனி ஆர் கேட்டாலும் விண்டர் டயர் போடு எண்டுதான் சொல்லுவன்’ எண்டு சூடம் கொளுத்திச் சத்தியம் பண்ணினியள். இல்லையெண்டு சொல்லுங்கோ பார்ப்பம்."

எல்லோரும் அம்பலவாணரைப் பார்த்தார்கள். அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். இல்லை என்றால் ஏரியும் போகும், கரடியும் போகும், புட்டும் போகும். ஜெரோம் வேலையை விட்டுவிட்டுக் கல்லாவில் சாய்ந்துகொண்டு காத்திருந்தான்.

"ஓம் பிள்ளை" என்றார் கடைசியில், தொண்டையைச் செருமிக்கொண்டு. "இப்பதான் முகம் ஞாபகம் வருது. தம்பி, நாலையும் விண்டராப் போடும். சத்தியம் பண்ணினனான், வேற என்ன செய்ய?"

குகன் மனைவியைப் பார்த்தான். கலியாணம் கட்டி இத்தனை வருஷத்தில் இப்படி ஒருத்தி தன்னோடு இருப்பது அவனுக்குத் தெரியாது. "நாலும் விண்டர், ஜெரோம்" என்றான். "ஸ்பெயாரைப் பிறகு பார்ப்பம்."

வான் உள்ளே போனது. வத்சலா கதிரையில் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து அம்பலவாணர் மெல்ல அவள் பக்கம் குனிந்தார்.

"பிள்ளை, நீர் ஒண்டை விட்டிட்டீர். நீர் இழுத்த இழுவையில அமெரிக்காவும் கொஞ்சம் இஞ்சால வந்திட்டுது. நீர் போனாப் பிறகு நான்தான் இறங்கி நிண்டு, தனி ஆளாத் திரும்பத் தள்ளிவிட்டனான்."

"பார்த்தனான் அண்ணை" என்றாள் வத்சலா. "கொஞ்சம் கூடுதலாத் தள்ளிப்போட்டியள்."