பத்தில் நாலு அணு

"பத்து அணு வந்தா ஆறைத்தானுங்க மேடம் இந்த மெஷின் பிடிக்குது. மீதி நாலு இடத்தை நானே நிரப்பிட்டேனுங்க."

சொன்னவர் நாச்சிமுத்து. ஐம்பத்தாறு வயது மாணவர். கோவையில் முப்பது வருடம் உலோகம் வார்க்கும் பவுண்டரியில் வேலை பார்த்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். குரு எழிலரசிக்கு முப்பத்து நாலு.

திரையில் ஓர் உலோக ஊசியின் நுனி, அணு அணுவாக, முப்பரிமாணத்தில் சுழன்றது. எங்கும் ஒரு பொத்தல் இல்லை. அவ்வளவு அழகைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

ஏழு உலோகம் சேர்த்து அந்தக் கலவையை உருக்கியவர் ஹனீபா, நாச்சிமுத்துவின் உலைக் கூட்டாளி. அவர் இறந்து ஒன்பது வருடம். மிஞ்சிய துண்டில் செதுக்கிய கடைசி ஊசி இது. கருவி அணுக்களை ஒவ்வொன்றாக உரித்துத்தான் படம் எடுக்கும். படம் வந்துவிட்டது. ஊசி போய்விட்டது.

"எதுக்கு சார் நிரப்புனீங்க?"

"நாளைக்கு அவன் புள்ள ஷமீமா பார்க்க வருதுங்க. அத்தா செஞ்சதை ஓட்டை ஒடசலாவா காட்டுறது?"

எழிலரசி படத்தைப் பற்றிப் பேசவில்லை.

"ஹனீபா எப்படி இருப்பார்?"

நாச்சிமுத்துவின் முகம் இளகிப்போனது.

"புருவம் எப்பவும் பொசுங்கியே கிடக்கும். உலோகம் ஊத்துறப்ப ஒரு பாட்டு முனகுவானுங்க. அது முடியற வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. பாட்டு நின்னா, அச்சு நிறைஞ்சிருக்கும்."

"என்ன பாட்டு?"

"மெட்டு இருக்குதுங்க. வார்த்தைதான்... உலை இரைச்சல்ல காதுல விழுந்ததே பாதி."

"பொருத்தமா நாலு வார்த்தை போட்டு அந்தப் பொண்ணுகிட்ட பாடிக் காட்டிடுங்க. யார் கேக்கப் போறாங்க?"

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அவன் பாடாததை அவன் வாயில நான் எப்படிங்க மேடம் போடுவேன்?"

எழிலரசி திரையை அவர் பக்கம் திருப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் ஷமீமா வந்தாள். படம் முழுக்க இருட்டுப் பொத்தல்கள்.

"இங்கெல்லாம் என்ன இருந்துச்சு மாமா?"

"தெரியல கண்ணு. உங்க அத்தா போட்டது ஏதோ இருந்துச்சு. எனக்குச் சிக்கல."

அவள் பொத்தல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.  நாச்சிமுத்து ஹனீபாவின் அந்த மெட்டை முனகினார். வார்த்தை தெரியாத இடத்தில் வெறும் "ம்ம்ம்".

அந்த இடம் வந்ததும் ஷமீமா வார்த்தையோடு பாடினாள்.