படுக்கையறை மீட்டர்

திருமேனிக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குருவுக்கு நாற்பதுதான். ஆனாலும் மனசு சரியில்லை என்றால் மடத்துக்குத்தான் ஓடுவார். அன்றும் பையோடு போய் இறங்கினார்.

மாடியில் குடியிருக்கும் ஜெசிந்தா, மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூட வருடம் பாதியில் நிற்கிறது. மாடிக்கான கரண்ட் மீட்டர் கீழே திருமேனியின் படுக்கையறைச் சுவரில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவரே பார்த்து, துண்டுச் சீட்டில் எழுதி மேலே அனுப்புவார். இரண்டு வருடமாக ஜெசிந்தாவும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவந்தார். இந்தத் தடவை தொகை கூடுதல். மீட்டரை ஒருதரம் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். நான் என்ன திருடனா என்று இவர் தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டார்.

"ஒரு யூனிட் கூட்டி எழுதினதில்ல சாமி. என்னைப் போய் சந்தேகப்படலாமா?"

அது உண்மைதான். கணக்கில் சுத்தமான மனுஷர். வாய்தான் கொஞ்சம் நீளம்.

குரு அவர் பையை வாங்கி உள்ளே வைத்தார். நாலு நாள் தங்கச் சொன்னார். மடத்தில் இப்போது கேஸ் செலவைத் தங்குகிறவர்களிடம் பங்கு பிரித்து வாங்குவதாகவும், அவர் பங்கை நோட்டில் கணக்கு வைத்துத் தினமும் சீட்டில் எழுதித் தருவதாகவும் சொன்னார். திருமேனிக்கு அதில் ஆட்சேபணை இல்லை. குரு கேட்டால் சட்டையையே கழற்றிக் கொடுப்பவர்.

முதல் நாள் சீட்டில் பதினெட்டு ரூபாய். கொடுத்தார். மறுநாள் இருபது. கொடுத்தார். மூன்றாம் நாள் முப்பத்தைந்து.

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாப்பிட்டதென்னவோ அதே கஞ்சியும் துவையலும்தான். சாயங்காலம் வரை பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. அடுக்களை வாசலில் போய் நின்றார்.

"தப்பா நினைக்காதீங்க சாமி. அந்த நோட்டை ஒருதரம் பார்க்கலாமா?"

குரு உடனே எடுத்துக் கொடுத்தார். அன்று காலை சளி என்று திருமேனி குளிக்கக் கேட்ட ஒரு அண்டா வெந்நீரும் அதில் எழுதியிருந்தது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"உங்களைச் சந்தேகப்பட்டுக் கேக்கல சாமி."

"தெரியும்," என்றார் குரு. "ஜெசிந்தாம்மா ரெண்டு வருஷம் கேக்காம குடுத்தாங்க. உங்களால மூணு நாள் முடியல. ஏழு மணிக்கு பஸ் இருக்கு, கிளம்புங்க."