செவலைக் கிடாவின் கல்யாணம்

பண்ணையாருக்குத் தன் செவலைச் செம்மறிக் கிடா மேல் அப்படியொரு பெருமை. "வெளிக்கிடா எதுவும் நம்ம பட்டிக்குள்ள வரக்கூடாது. இனி ஒரு குட்டி நோஞ்சானாப் பிறந்தாலும் உனக்கு இங்கே வேலையில்லை" என்று ஆடு மேய்க்கும் பொம்மையனை மிரட்டினார்.

மறுநாள் பண்ணையார் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் இருக்க, பொம்மையன் வெற்றிலை பாக்குத் தட்டோடு நுழைந்தான்.

"கல்யாணத்துக்கு அழைக்க வந்தேனுங்க. மாப்பிள்ளை நம்ம செவலைக் கிடா."

"பொண்ணு?" என்றார் பண்ணையார்.

"அவன் மகதானுங்க. பட்டியில இருக்கிறது பூரா அவன் மகளுங்கதான்."

"அடச்சீ! அப்பனுக்கே மகளைக் கட்டுவாங்களாடா?"

"நாலு வருசமா உங்க உத்தரவுல அதானுங்க நடக்குது. குட்டி எப்படிங்க தேறும்?"

கூடமே சிரித்தது. அன்றைக்கே செவலை பக்கத்து ஊருக்குப் போக, அங்கிருந்து ஒரு கறுப்புக் கிடா வந்தது.

"இது நல்ல வம்சமாடா?"

பொம்மையன் நிம்மதியாக மூச்சுவிட்டான். "நம்ம வம்சம் இல்லீங்க. அது போதும்."