பிளாஸ்டிக் ரீடு

குருவுக்கு நரைத்திருக்க வேண்டும், சீடனுக்கு மீசை அரும்ப வேண்டும் என்று சட்டமா போட்டிருக்கிறார்கள்? தஞ்சாவூரில் கிளாரினெட் சொல்லித்தரும் மரகதவல்லிக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் படிக்கும் குழந்தைவேலு, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். டீச்சர் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

வானொலியில் வாசிப்பதற்கான தேர்வில் ஒருமுறை தோற்றிருந்தார் குழந்தைவேலு. நாளை மறுபடியும் தேர்வு. இதிலும் தோற்றால் வாத்தியத்தைப் பரணில் போட்டுவிடுவதாக மனைவியிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டார். சொன்னதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

போன முறை காலை வாரியது நாணல் ரீடுதான் என்பது அவர் கட்சி. கிளாரினெட்டின் வாயில் வைத்துக் கட்டும் மெல்லிய பட்டை அது. கொஞ்ச நேரம் நாக்கில் போட்டு ஊறவைத்தால்தான் ஒழுங்காகப் பேசும். வெயிலில் காயும், விரிசல் விடும். ஆகவே பிளாஸ்டிக் ரீடு ஒன்று வாங்கி வந்துவிட்டார்.

"இதுக்கு ஊற வைக்கிற வேலையே இல்ல டீச்சர். மாட்டினோமா, ஊதினோமான்னு இருக்கலாம். திட்டாதீங்க."

"எதுக்குத் திட்டணும்? வாசிங்க அண்ணே."

கடைக்காரர் சொன்ன பெருமைகளை ஒப்பித்துக்கொண்டே மாட்டினார். பேச்சு முடிந்த கையோடு ஊதினார். நாதம் கணீரென்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதல் சட்ஜம் சுருதிப்பெட்டியோடு ஒட்டாமல் விலகி நின்றது. தடவித் தடவித்தான் வந்து சேர்ந்தது.

"பாத்தீங்களா? புது ரீடுல்ல, பழகல," என்று சொல்லிவிட்டு மறுபடி தொடங்கினார். மறுபடியும் அதே கதை.

போன தேர்விலும் இந்த முதல் சுரத்தில்தான் விழுந்தார்.

"போச்சு டீச்சர். இதுவும் என்னை ஏமாத்திருச்சு." ரீடைக் கழற்றிக் குப்பைக்கூடையைத் தேடினார்.

"இங்க குடுங்க."

மரகதவல்லி அதைக் கழுவித் துடைத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சுருதிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைவேலு ஏதோ கேட்டார், பதில் இல்லை. வாசலில் கீரைக்காரி கூப்பிட்டாள், அதற்கும் அசையவில்லை. பிறகு நிதானமாக ரீடை மாட்டி ஊதினார்.

முதல் சட்ஜம் எப்போது தொடங்கியது என்றே தெரியவில்லை. பெட்டியின் ஒலியோடு அப்படிக் கலந்திருந்தது. அங்கிருந்து மோகனம் மெல்ல எழுந்தது. அதே வாத்தியம், அதே ரீடு. இப்படி ஒருவரிடம் படிக்கக் கொடுத்துவைத்திருக்கிறோமே என்று குழந்தைவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மரகதவல்லி வாசித்து முடித்ததும் அவர் கேட்டார்: "டீச்சர், பிளாஸ்டிக் ஊறுமா?"

"ஒரு மாசம் வெச்சாலும் ஊறாது."

"அப்புறம் எதுக்கு அவ்வளவு நேரம் வாயில வெச்சிருந்தீங்க?"

மரகதவல்லி வாத்தியத்தை அவர் கையில் கொடுத்தார்.

"அது வாயில இருந்தா பேச முடியாதில்ல, அண்ணே. அப்பதான் எனக்குச் சுருதி கேக்குது."