வெறுமனே திரும்பாத பெட்டி

பிணம் வைக்கும் குளிர்பெட்டி செத்தவர் வீட்டுக்குத்தான் வரும் என்று பலரும் நம்புகிறார்கள். அது பிழை என்பதை மிகுந்த வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். கோவில்பட்டியில் வெயிலுமுத்து வீட்டுக்கு, அவர் உயிரோடிருக்கும்போதே வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கைவிரித்ததும் மகன் பெட்டிக்குச் சொல்லிவைத்தான். மறுநாள் கிழவர் கண்விழித்துக் காப்பி கேட்டார். மகன் உடனே போன் செய்து பெட்டி வேண்டாம் என்றான். ஆனாலும் பெட்டி வந்து கூடத்தில் இறங்கிவிட்டது. அரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் கிழவரை வீட்டுக்குக் கொண்டுவரும். இதைப் பார்த்தால் அவர் இதயம் அங்கேயே நின்றுவிடும்.

வீட்டில் இருந்தது பாத்திரம் தேய்க்கும் செவத்தியம்மாள் மட்டும். பெட்டியைத் தூக்கிப் போகச் சொல்லிக் கெஞ்சினாள். பெட்டியோடு வந்திருந்த குளிர்பெட்டி வாடகைக் கடை முதலாளி கதிரேசன், வியாபாரிகள் சங்கத் தலைவர், அசையவில்லை.

"வீட்டுக்குள்ள வந்த பெட்டி வெறுமனே திரும்பக் கூடாது. எங்க தாத்தா காலத்து வழக்கம்." தாத்தா காலத்தில் குளிர்பெட்டியே கிடையாது. "இங்கேயே கிடக்கட்டும். எப்படியும் தேவைப்படும்லா?"

"நியாயந்தான் மொதலாளி." செவத்தியம்மாள் மூடியைத் திறந்தாள். "அப்ப நீங்களே படுத்துக்கிடுங்க. கடை வரைக்கும்தான? தாடைக்கட்டு நான் கட்டிவிடுதேன்."

தூக்கி வந்த ஆட்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய்த் தயாராக நின்றார்கள்.

"ஏ பொம்பள! உசிரோட இருக்கவனுக்கா பெட்டிய காட்டுத?"

"அதத்தான் மொதலாளி நானும் கேக்கேன்."

பெட்டி வெறுமனே திரும்பியது. வெயிலுமுத்து வந்து கூடத்தில் படுத்தார்.

பதினோராம் நாள் அவர் இறந்தபோது, பெட்டி வேறு கடையிலிருந்து வந்தது.