பதினோரு ஒன்றுகள்

மலையடிவாரத்தில் குரு உலகம்மையின் மடம் இருந்தது. அங்கே தியானம் என்றால் கணக்குதான். வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணைக் கொடுப்பார்.

சிதம்பரதாணு வந்து சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பதினோரு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண் அவருக்குக் கிடைத்தது.

“ஒன்றையும் இதையும் தவிர, மீதியில்லாமல் இதை வகுக்கிற எண் உண்டா?” என்று கேட்டார் உலகம்மை.

சிதம்பரதாணு மூன்றில் தொடங்கினார். பகா எண்களால் மட்டும், நாளைக்கு மூன்று வகுத்தல். ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம்வரை பார்த்துவிட்டால் போதும், அதற்கு மேல் தேட வேண்டியதில்லை. அங்கே போய்ச் சேர ஒன்பது வருடம் ஆயிற்று. எல்லாவற்றுக்கும் மீதி வந்தது. அறுபது நோட்டுகளையும் கட்டாகக் கட்டித் தூக்கிவந்து குருவின் முன் வைத்தார்.

“எதற்கும் அடங்கவில்லை அம்மா. இது பகா எண்தான்.”

உலகம்மை நோட்டுகளை வாங்கிக்கொண்டார். இருபது நாள் கழித்துக் கூப்பிட்டனுப்பினார். மூன்றாம் வருட நோட்டு ஒன்று விரிந்து கிடந்தது.

“இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பதால் வகுத்து, மீதி ஒன்பது என்று எழுதியிருக்கிறீர்கள்.”

“ஆமாம்.”

“கடைசிப் பெருக்கலில் ஒன்பதொன்பது எழுபத்திரண்டு என்று போட்டிருக்கிறீர்கள்.”

சிதம்பரதாணு குனிந்து பார்த்தார். அவர் கையெழுத்துதான். எண்பத்தொன்று என்று போட்டிருந்தால் மீதியே வந்திருக்காது. அன்றைக்கே வேலை முடிந்திருக்கும்.

“ஆறு வருடம் போயிற்றே அம்மா. வாய்ப்பாடு தெரியாதவனா நான்?”

“ஐப்பசி ஏழு என்று தேதி இருக்கிறது. அன்றைக்கு மனம் எங்கே இருந்தது?”

சிதம்பரதாணு அந்தத் தேதியைப் பார்த்தார்.

“அண்ணன் மகள் வந்திருந்தாள். ‘அப்பாவுக்கு ரொம்ப முடியல சித்தப்பா. உங்களையே கேட்டுக்கிட்டிருக்காரு. இப்பவே வாங்க’ என்றாள். கணக்கைப் பாதியில் விடக்கூடாது, முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். வாசலிலேயே நின்றாள். நான் தலை நிமிரவில்லை. எப்போது போனாள் என்றுகூடத் தெரியாது.”

“நீங்கள் எப்போது போனீர்கள்?”

“மறுநாள் சாயங்காலம். எடுத்துவிட்டிருந்தார்கள்.”

“அண்ணன் என்ன சொல்ல நினைத்தார்?”

“யாருக்குத் தெரியும்? அந்தப் பெண் இன்றுவரை என் முகத்தைப் பார்ப்பதில்லை.”

உலகம்மை நோட்டை மூடினார். சிதம்பரதாணு அவர் முகத்தையே பார்த்தார். ஒரு வார்த்தை, ஆமாம் என்று சொல்லிவிடமாட்டாரா என்றிருந்தது.

“அன்றைக்கு அப்படியே விட்டுவிட்டு எழுந்து போயிருந்தால், கணக்கு கெட்டுப்போயிருக்கும், இல்லையா அம்மா?”

“நீங்கள் பிறப்பதற்கு முன்பும் இந்த எண் இப்படித்தான் வகுபட்டது. இன்னும் ஆயிரம் வருடம் கழித்து யார் வந்து கேட்டாலும் வகுபடும். அதற்கு ஓர் அவசரமும் இருக்கவில்லை, ஐயா.”