ஆமையைத் துரத்திய முள்ளம்பன்றி

கருவேலங்காட்டு மேட்டில் வடிவு என்ற முள்ளம்பன்றி தன் புருஷன் சுடலையோடு குடியிருந்தாள். அருமையான வளை. வாசல் குறுகல், உள்ளே விசாலம், மழைத் தண்ணீர் ஏறாது. ஒரே ஒரு குறைதான். அந்த வளை அவர்களுடையது இல்லை!

போன வெள்ளத்தில் பழைய வளை இடிந்து விழுந்தது. அப்போது உலகநாதர் என்ற உடும்பிடம் இந்த வளையைக் கடனுக்கு வாங்கினார்கள். விலை கிழங்கு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு குவியல் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். விலையும் வட்டியும் தீரும்வரை வளை அவரிடம் அடமானம். சொன்னபடி கொட்டாவிட்டால் வளை அவருக்கே போய்விடும்.

இதில் வயிறெரிகிற விஷயம் ஒன்று உண்டு. உடும்பு கிழங்கு தின்னாது! வசூலித்த கிழங்கெல்லாம் அவருடைய பாறைக்குப் பின்னால் குவிந்து, முளைவிட்டு, அழுகிக்கொண்டிருந்தது. அழுகினாலும் பரவாயில்லை, அடுத்தவன் வயிறு காய வேண்டும். சிலருக்கு அதிலேயே பசி அடங்கிவிடுகிறது.

வடிவு அப்போது குட்டியைச் சுமந்துகொண்டிருந்தாள்.

"என் பிள்ளை அடமான வளையில கண்ணு முழிக்கக் கூடாது! மழைக்கு முன்னாடி கடனை மொத்தமா அடைச்சுத் தீரணும்!" என்று சபதம் போட்டாள்.

அன்றிலிருந்து வீட்டுச் செலவை அவளே கையில் எடுத்தாள். தோண்டி வந்த கிழங்கை மூன்றாகப் பிரித்தாள். ஒன்று பௌர்ணமித் தவணைக்கு. ஒன்று கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு. மிச்சம் சாப்பாட்டுக்கு. மிச்சம் என்றால் பேருக்குத்தான் மிச்சம். சுடலைக்குப் பெரும்பாலும் கிழங்குத் தோல்தான் கிடைத்தது. அவனும் முகம் சுளிக்காமல் தின்றான்.

சுடலைக்கு ஒரே ஒரு செல்லம் உண்டு. வெள்ளம் வடிந்த அன்று, சேற்றில் மல்லாந்து கிடந்த ஓர் ஆமையைத் தூக்கி வந்து வளர்த்தான். கல்லு என்று பேர் வைத்தான். மூலையில் கல்லைப் போலவே கிடக்கும். வந்த நாளிலிருந்து அது பேசிய பேச்சு மிகக் குறைவு. தினமும் வரும் வழியில் சுடலை அதற்குக் கோவைப்பழம் பறித்து வருவான்.

வடிவின் கண்ணை உறுத்தியது அந்தப் பழம்.

"ஏங்க, இது என்ன?"

"கோவைப்பழம், வடிவு. கல்லுக்கு."

"கல்லுக்கா! கோவைக்கொடி தேடி அலைஞ்ச நேரத்துல நாலு கிழங்கு தோண்டியிருக்கலாமே! வீடு அடமானத்துல கிடக்கு. இதுல ஐயாவுக்கு ஆமை வளர்ப்பு கேக்குதா!"

"வாயத் திறந்து ஒண்ணும் கேக்காத ஜீவன் அது."

"கேக்கலைன்னா போடாதீங்க!"

அவள் முதுகில் முள்ளெல்லாம் சடசடவென்று எழுந்து நின்றது. சுடலை சுவரோடு ஒட்டிக்கொண்டான். கல்லு தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

ஒருநாள் வடிவு உலகநாதரைப் பார்க்கப் போனாள். அவர் பாறைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. உலகநாதர் முன்னால் போகிறவர்கள் கொம்பு இருந்தால் கொம்பைத் தாழ்த்த வேண்டும், வால் இருந்தால் வாலைச் சுருட்ட வேண்டும், முள் இருந்தால் முள்ளை மடக்க வேண்டும். அதற்குப் பேர் மரியாதை! வடிவு ஒரு முள்கூடத் தெரியாமல் மடக்கிக்கொண்டு நின்றாள்.

"ஐயா, மழைக்கு முன்னாடி மொத்தக் கடனையும் அடைச்சிடலாம்னு இருக்கேன்."

உலகநாதரின் நாக்கு வெளியே வந்து உள்ளே போனது.

"அவசரம் எதுக்குத் தாயி? நான் என்ன உன் கழுத்தையா நெரிக்கிறேன்?"

"இல்லீங்க ஐயா. பிள்ளை பொறக்கப் போகுது. அதான்..."

"நல்ல சேதி! ஆனா ஒண்ணு. நீ இன்னும் பல காலம் வட்டி கட்டுவேன்னு நான் ஆசையா நம்பியிருந்தேன். அந்த ஆசையில நீ மண்ணள்ளிப் போட்டா என் மனசு நோகுமா, நோகாதா?"

"நோகுங்க ஐயா."

"அதுக்கு மனவருத்தப் படின்னு ஒரு குவியல் தனியா கொண்டு வந்து வெச்சிடு."

கடனைக் கட்டாவிட்டால் தண்டனை என்பது உலக வழக்கம். கட்டினாலும் தண்டனை என்பதை எங்கே போய்ச் சொல்வது! வடிவுக்கு நறுக்கென்று நாலு வார்த்தை தொண்டைவரை வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"சரிங்க ஐயா."

வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"இனிமே ஒரு வேளைதான் சாப்பாடு! தோலும் கிடையாது! தின்னே அழிக்கிற குடும்பம்!"

"அந்த ஆளு கேக்குறது அநியாயம்னு அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே, வடிவு?" என்றான் சுடலை.

"பெரிய இடத்துல எப்படி நடந்துக்கணும்னு எனக்குத் தெரியும்! நீங்க மொதல்ல உங்க ஆமைய அடக்குங்க!"

கல்லு என்ன செய்தது, அதை அடக்க? அது மூலையில் கண்ணை மூடிக் கிடந்தது. வீட்டில் புலி, வெளியில் எலி என்பார்கள். வடிவு அப்படித்தான் ஆகிப்போனாள். பாறையில் மடக்கிய முள்ளையெல்லாம் வளைக்குள் வந்து விரித்தாள்.

அவள் மனவருத்தக் குவியலையும் சேர்த்துவிடுவாள் என்று உலகநாதருக்குத் தெரிந்துபோனது. ஒரு நாள் அடமானச் சொத்தைப் பார்வையிட வருகிறேன் என்று கிளம்பி வந்தார். வளைக்குள் தலையை நீட்டினார். சுவரைத் தட்டினார். கூரையைக் கீறினார். ஒரு குறையும் கிடைக்கவில்லை. அப்போது மூலையில் கிடந்த கல்லு கண்ணில் பட்டது.

"ஐயையோ! ஆமையா! ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு உனக்குத் தெரியாதா தாயி? சொத்தோட மதிப்பே போச்சே! நாளைக்கு இதை எவன் வாங்குவான்?"

வடிவு முள்ளை இன்னும் ஒடுக்கிக்கொண்டாள். "இன்னைக்கே துரத்திடறேங்க ஐயா!"

உலகநாதர் போனதும் சுடலை குறுக்கே வந்து நின்றான். "வேணாம் வடிவு. அந்த ஒரு வேளையும் வேணாம்னு சொல்லு, பட்டினி கிடக்கேன். கல்லை மட்டும் விட்டுடு."

"நகருங்க! என் பிள்ளை வீடு பெருசா, உங்க ஆமை பெருசா!"

அவள் முள்ளை விரித்துக்கொண்டு வந்த வேகத்தில் சுடலை ஒதுங்கிவிட்டான். அப்போது கல்லு வாயைத் திறந்தது.

"அம்மா, அந்தப் பழமொழியில நான் பாதிதான். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்லுவாங்க. அமீனான்னா சொத்தை ஜப்தி பண்ண வர்றவன். அவன் தானா வர மாட்டான், ஒருத்தன் கூட்டிட்டு வரணும். அந்த ஒருத்தனைப் பாத்து முள்ளைத் தூக்குங்க."

"எங்க வீட்டுப் பழத்தைத் தின்னுட்டு எனக்கே புத்தி சொல்றியா? போ வெளியே!"

கல்லு போனது. ஆமை நடை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மத்தியானம் புறப்பட்டது, பொழுது சாயும்போதும் மேட்டுச் சரிவில் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. வடிவு வாசல் பக்கம் வருவாள், பார்ப்பாள், வெடுக்கென்று உள்ளே போவாள். சுடலை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றான். அன்று முதல் அவன் வீட்டில் பேசுவதை விட்டுவிட்டான்.

மழை மேகம் கூடியது. வடிவு கடைசிக் குவியலையும் பாறையடியில் கொண்டுபோய்க் கொட்டினாள். விலை, வட்டி, மனவருத்தப் படி, எல்லாம் முழுசாக! அக்கம்பக்கத்து முயலும் பெருச்சாளியும் வாயைப் பிளந்து பார்த்தன. அவையும் உலகநாதரிடம் வளையை அடகு வைத்தவைதான்.

"கடன் தீந்துதுங்க ஐயா. வளை என்னோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"சொல்லலாம் தாயி," என்றார் உலகநாதர். "ஆனா ஆமை இருந்த வீடாச்சே! அந்த தோஷம் எனக்கும்தான் ஒட்டியிருக்கு. அதைக் கழிக்க இன்னும் ஒரு குவியல் ஆகும். நாளைக் காலையில வெச்சிடு. இல்லேன்னா அமீனாவோட வருவேன்."

குனியக் குனியக் குட்டுகிறவனுக்குக் கை வலிக்கவா போகிறது? வடிவு அப்போதும் முள்ளை மடக்கிக்கொண்டுதான் திரும்பினாள். இருட்டும்வரை தோண்டினாள். எங்கே கிழங்கு? இருந்ததையெல்லாம்தான் தோண்டிக் கொடுத்தாகிவிட்டதே!

விடிந்தது. உலகநாதர் வந்தார். கூடவே அமீனா வேலை பார்க்கும் கழுதைப்புலி வந்தது. சேதி தெரிந்து முயலும் பெருச்சாளியும் தூரத்தில் வந்து நின்றன.

"ஏய், வெளிய வாங்க! வளை ஜப்தி!" என்று கழுதைப்புலி உறுமியது. வாசலில் தலையை நுழைத்து, உள்ளே விரித்திருந்த புல் மெத்தையைக் கவ்வி வெளியே இழுத்துப் போட்டது. பிறக்கப்போகும் பிள்ளைக்காக வடிவு பார்த்துப் பார்த்து விரித்த புல் அது.

வடிவு வழக்கம்போல் சுடலை பக்கம் திரும்பினாள். "எல்லாம் உங்களாலதான்!" என்று சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவனைச் சரியாகப் பார்த்தாள். முள்ளுக்கு நடுவே விலா எலும்பு தெரிந்தது. கிழங்குத் தோலையும் பிடுங்கிக்கொண்டவள் அவள்தான். அவன் செல்லத்தைத் துரத்தியவளும் அவள்தான். இத்தனை நாள் கொதித்த கோபம் எங்கே போய்க் கொட்டியிருக்கிறது! கொள்ளையடித்தவனுக்கு 'சரிங்க ஐயா'. தோலைத் தின்றவனுக்கு முள். நினைக்க நினைக்க அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

வெளியே வந்தாள். முள் ஒவ்வொன்றும் விறைத்து நின்றது.

"என்ன தாயி இது? மரியாதை! முள்ளை மடக்கு!" என்று அதட்டினார் உலகநாதர்.

"மடக்கி மடக்கித்தாண்டா நாசமாப் போனேன்! விலை வாங்கினே! வட்டி வாங்கினே! உன் மனசு நோகுதுன்னு அதுக்கும் வாங்கினே! திங்காத கிழங்கை நீ அழுக விட்டே, அதுக்காக நான் என் புருஷனைப் பட்டினி போட்டேன்! இன்னும் என்னடா வேணும் உனக்கு?"

சொல்லிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"பாத்தீங்களா! ஓடப் போறா!" என்று சிரித்தார் உலகநாதர்.

முதுகைக் காட்டும் முள்ளம்பன்றி ஓடுகிறது என்று நினைப்பவன், முள்ளம்பன்றியோடு அதுவரை மோதியதே இல்லை. வடிவு பின்பக்கமாகவே பாய்ந்தாள். மூக்கில், தாடையில், கழுத்தில், முள் முள்ளாக ஏறியது. உலகநாதர் அலறிக்கொண்டு பக்கத்துக் கருவேல மரத்தைக் கட்டிப் பிடித்தார். உடும்புப் பிடி! ஆனால் அடுத்த குத்தில் அந்தப் பிடியும் விட்டது.

"சொல்லு! விலை தீந்துதா?"

"தீந்துது!"

"வட்டி?"

"தீந்துது தாயி, தீந்துது!"

"வளை யாரோடது?"

"உன்னோடது! ஐயோ, உன்னோடதுதான்!"

கழுதைப்புலி அவரை முறைத்தது. "முழுசா வாங்கிக்கிட்டு என்னை எதுக்குய்யா கூப்பிட்டே? இந்த முள்ளுக்கெல்லாம் நீ குடுக்குற கூலி காணாது!" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. தட்டிக் கேட்க ஆள் இல்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன். தட்டிக் கேட்டதும் தம்பி முனகிக்கொண்டே பாறைக்குப் போனார். முயல் அவர் எதிரிலேயே காதை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

வளை மீண்டுவிட்டது. சுடலை சிதறிக் கிடந்த புல்லைப் பொறுக்கி உள்ளே வைத்தான். அவன் முகத்தைப் பார்க்க வடிவுக்குத் தைரியம் வரவில்லை. கோவைக்கொடியைத் தேடிப் போனாள். நல்ல பழமாகப் பார்த்துப் பறித்தாள். மேட்டுச் சரிவில் இறங்கி, புதர் புதராகத் தேடினாள்.

ஓடைக்கரையில் கல்லு கிடந்தது. ஓட்டில் ஒரு பெரிய விரிசல். சுற்றிலும் பல் தடம். ஜப்திக்கு வந்த வழியில் கழுதைப்புலி அதைக் கடித்துப் பார்த்திருந்தது.

"கல்லு! நான்தான்!"

தலை மெல்ல வெளியே வந்தது. "வீடு மீண்டுச்சா அம்மா?"

"மீண்டுச்சு! வா, போகலாம். இனிமே தினமும் உனக்குக் கோவைப்பழம்!"

"பழத்துக்கா அம்மா நான் அங்க இருந்தேன்?"

அவ்வளவுதான் கேட்டது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. வடிவு கெஞ்சினாள். அழுதாள். பழத்தை ஓட்டின் வாசலில் வைத்துவிட்டு மழை பிடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். அந்தத் தலை மறுபடி வெளியே வரவில்லை.

கொடுமைக்காரனிடம் காட்ட வேண்டிய கோபத்தைக் கூட இருப்பவர்களிடம் காட்டினால், கடனிலிருந்து வீட்டை மீட்டாலும், இழந்த மனசை மீட்க முடியாது.